மலை ஏறும் ஜீப், பின்னால் ட்ரெய்லர்: அந்தச் சூடு எங்கே போகிறது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் புல்ஹெட் சிட்டி என்று ஒரு ஊர். கோடையில் 45 டிகிரி அங்கே சாதாரணம். ஊருக்குச் சற்று வடக்கே ஆற்றின் குறுக்கே 1951-இல் கட்டி முடித்த டேவிஸ் அணை. ஆற்றங்கரையிலிருந்து கிழக்கே கிங்மன் போகும் சாலை, கரையை விட்டதுமே ஏற ஆரம்பித்து, சுமார் 18 கிலோமீட்டருக்குள் 900 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. நம் ஊர் காட் ரோடு மாதிரி கொண்டை ஊசி வளைவெல்லாம் கிடையாது. மொட்டை மலை, பாலைவன வெயில், அகலமான சாலை, விடாத ஏற்றம், அவ்வளவுதான். பார்த்தால் பயமே வராது. ஆனால் அமெரிக்காவில் பிக்-அப், ஜீப் வகை வண்டிகளின் விளம்பரத்தில் ‘இத்தனை கிலோ இழுக்கும்’ என்று ஒரு எண் போடுகிறார்களே, அந்த எண்ணுக்குப் பின்னால் இந்தச் சாலைதான் நிற்கிறது.

2008-இல் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு ஜே2807 என்ற தர விதியை வெளியிட்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் மனசுக்குப் பட்ட இழுவை எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. புது விதியில் பிரேக், வண்டி ஆடாமல் போவது, ஏற்றத்தில் நின்று கிளம்புவது என்று பல தேர்வுகள் உண்டு. சூட்டுக்கான தேர்வுதான் டேவிஸ் அணை ஏற்றம். வெளியே குறைந்தது 38 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும். ஏசியை முழுக் குளிரில், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்படி, ஃபேனை முழு வேகத்தில் வைக்க வேண்டும். ட்ரெய்லரில் விளம்பரத்தில் சொல்லும் முழு எடை. இத்தனையோடும் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் விழாமல் உச்சிக்குப் போக வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்த பெரிய வண்டிகளுக்கு மட்டும் 56. எந்த எச்சரிக்கை விளக்கும் எரியக்கூடாது, எதுவும் உடையக்கூடாது. முதலில் இதை ஏற்றுக்கொண்டது டொயோட்டா. 2011 மாடல் டண்ட்ராவுக்கு இந்த விதிப்படி எண் போட்டபோது, முன்பு சொன்ன எண்ணைவிடக் குறைந்துதான் போனது. மற்ற பெரிய கம்பெனிகள் வந்து சேர 2015 மாடல் வாக்கில் ஆனது.

ஜீப் குடும்பத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2018 மாடலாக வந்த நான்கு கதவு ரேங்ளருக்கு இழுவை அளவு 1,588 கிலோ. அதன் தம்பியான கிளாடியேட்டர் பிக்-அப்புக்கு, அதே 3.6 லிட்டர் வி6 எஞ்சினோடு, சரியான கியர் விகிதமும் இழுவைப் பேக்கேஜும் இருந்தால் சுமார் 3,470 கிலோ. சேஸிஸ் நீளம், பின் சஸ்பென்ஷன் என்று வித்தியாசம் நிறைய உண்டு. ஆனால் கம்பெனியே தனியாக எடுத்துச் சொன்ன ஒரு மாற்றம், முன்பக்க கிரில்லின் ஏழு பிளவுகளையும் கிளாடியேட்டருக்குச் சற்று அகலப்படுத்தியது. கூடுதல் இழுவைக்குக் கூடுதல் காற்று வேண்டும் என்பதற்காக. பிளவு கொஞ்சம் அகலமானால் அதற்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்டால், ஆமாம்.

ஏன் என்று தெரிய ஒரு கணக்குப் போடலாம். வண்டி 2.5 டன், ட்ரெய்லர் 2 டன், ஆட்களும் சாமானும் அரை டன். மொத்தம் 5 டன். டேவிஸ் ஏற்றம் சராசரியாக 5 சதவீதம். 64 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒவ்வொரு வினாடியும் இந்த 5 டன்னை முக்கால் மீட்டருக்கும் மேலே, ஏறக்குறைய 90 சென்டிமீட்டர், தூக்குகிறோம். அதற்கு மட்டும் 44 கிலோவாட். டயர் உருளும் இழப்பு 10, காற்றைக் கிழிக்க 6. சக்கரத்தில் 60 கிலோவாட் தேவை. கியர்பாக்ஸ், ஆக்சில் இழப்பெல்லாம் சேர்த்தால் எஞ்சின் 72 கிலோவாட், அதாவது கிட்டத்தட்ட 97 குதிரைத்திறன் கொடுக்க வேண்டும். அதுவும் 17 நிமிடம் இடைவிடாமல். அதே வண்டி ட்ரெய்லர் இல்லாமல் சமதளத்தில் அதே வேகத்தில் போக 12 கிலோவாட் போதும்.

பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தி தோராயமாக மூன்று பங்காகப் பிரியும். ஒரு பங்கு சக்கரத்துக்கு, ஒரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு, ஒரு பங்கு எஞ்சினுக்குள் ஓடிச் சூட்டை வாங்கும் திரவமான கூலன்ட்டுக்கு. ஆக, ஏற்றத்தில் ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டிய சூடு 60 கிலோவாட்டுக்கு மேல். வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்று ஒரு கிலோவாட். அறுபது இஸ்திரிப் பெட்டிகளை பானெட்டுக்குள் போட்டு ஸ்விட்சைத் தட்டியது போலத்தான்.

இந்த 60 கிலோவாட்டை ரேடியேட்டரால் தள்ள முடிந்தால் பிரச்சினை இல்லை. முடியாவிட்டால் என்ன ஆகும்? இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள், உடனே கொதித்துவிடும் என்று. அப்படி இல்லை. ரேடியேட்டர் தள்ளும் சூடு, கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் சூடேறினால் அதுவும் அதிகமாகத் தள்ளும். வெளியே 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கூலன்ட் 105-இல் இருக்கும்போது 50 கிலோவாட்தான் தள்ள முடிகிற ரேடியேட்டர் என்றால், 10 கிலோவாட் பற்றாக்குறை. கூலன்ட்டும் எஞ்சின் இரும்பும் சேர்ந்து அதை வாங்கிக்கொண்டு முதலில் நிமிடத்துக்கு மூன்று, நான்கு டிகிரி ஏறும். ஏற ஏற ரேடியேட்டரும் கூடுதலாகத் தள்ளி, சுமார் 118 டிகிரியில் போய் நிலைக்கும். சூட்டைக் காட்டும் முள் பயமுறுத்தும், ஆனால் உச்சி வந்துவிடும். அதே ரேடியேட்டர் பாதி அடைத்துப்போய் 105-இல் 40 கிலோவாட்தான் தள்ளுகிறது என்றால், அது நிலைக்க வேண்டிய இடம் 137 டிகிரி. பாதித் தண்ணீர், பாதி கூலன்ட் கலவை, 16 பிஎஸ்ஐ அழுத்தம் வரை பிடித்து வைக்கும் ரேடியேட்டர் மூடியோடு கொதிப்பது 129-இல். நிலைக்கும் முன்பே கொதித்துவிடும். கொதித்தால் நீராவி, நீராவி வந்தால் சிலிண்டர் ஹெட்டில் ஈரம் தொடாத இடங்கள், அப்புறம் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடும்.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. சூடு ஏறுவதற்கு நேரம் எடுக்கிறது. இரண்டு நிமிட மேம்பாலம், மூன்று நிமிடக் குன்று எல்லாவற்றையும் அந்த அடைத்த ரேடியேட்டர் சமாளித்துவிடும். ‘போன வாரம்கூட ஏத்தத்துல ஜம்முனு ஏறுச்சே’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. பதினேழு நிமிட ஏற்றம்தான் உண்மையைக் கக்க வைக்கும். டேவிஸ் ஏற்றத்தைத் தேர்வுச் சாலையாக எடுத்ததற்கு அதன் நீளமும் வெயிலும்தான் காரணம், செங்குத்து அல்ல.

வெளிக்காற்று 40 இல்லாமல் 20 டிகிரி என்றால்? 105-க்கும் 20-க்கும் வித்தியாசம் 85. முன்பு 65. அதே ரேடியேட்டர் 30 சதவீதம் கூடுதலாகத் தள்ளும்; 50 கிலோவாட் 65 ஆகிவிடும், பற்றாக்குறையே இல்லை. லாரிக்காரர்கள் சுமையோடு விடியற்காலையில் மலை ஏறுவது தூக்கம் வராமல் அல்ல. ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் பெரிய ரேடியேட்டர் அது.

உயரம் வேறு கதை. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தில் 3,400 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின் மூச்சு வாங்கி, சக்தியும் அதே அளவு குறைந்து, தன்னையறியாமல் சூட்டையும் குறைத்துக்கொள்ளும். டர்போ எஞ்சின் அப்படி விடாது. மெல்லிய காற்றையும் அமுக்கி உள்ளே திணித்து, முழுச் சக்தியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ரேடியேட்டருக்குத்தான் டர்போ கிடையாது. அதற்கு வரும் காற்று மெல்லியதுதான். போதாததற்கு வெளி அழுத்தம் குறைவதால், மூடி சரியாக இருந்தாலும் கூலன்ட் கொதிக்கும் வெப்பநிலை சுமார் 6 டிகிரி இறங்கிவிடுகிறது. புது டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் ‘சக்தி குறையவே இல்லை’ என்று மகிழ்வதன் மறுபக்கம் இது.

நம் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையோ, வால்பாறைச் சாலையோ இதிலிருந்து வேறுபட்டவை. கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் 20-ஐத் தாண்டாது. அதனால் எஞ்சின் கொடுக்க வேண்டிய சக்தி குறைவு. அதே 5 டன் 7 சதவீத ஏற்றத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 20 கிலோவாட் பக்கம்தான். ஆனால் முன்னால் மோதும் காற்று என்று ஒன்றே இல்லை, முழுக்க ஃபேனை நம்பித்தான் வண்டி. மேலும், மெதுவாகத் திரும்பித் திரும்பிக் கிளம்பும்போது ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ஆயிலும், மேனுவல் வண்டியில் கிளட்ச்சும் எஞ்சினைவிட முன்பாகச் சூடாகும். ட்ரெய்லர் இழுப்பது நம் பக்கம் குறைவுதான். ஆனால் பழுதான வண்டியைக் கயிறு கட்டி மேலே இழுப்பதும், எஸ்டேட் ஜீப்பில் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போவதும் நடக்காத நாள் இல்லை. சுமை பின்னால் இருந்தால் என்ன, உள்ளே இருந்தால் என்ன, எடைக் கணக்கு ஒன்றுதான்.

சரி, இந்த 50 கிலோவாட் 40 ஆவது எப்படி? காட்டு ரோட்டுக்கென்று வண்டி வைத்திருக்கும் நாம் காசு கொடுத்துச் செய்துகொள்ளும் வேலைகள்தான் பாதிக் காரணம்.

முன் பம்பரில், வடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச். அதன் டிரம் ரேடியேட்டரின் கீழ்ப் பாதிக்கு நேர் எதிரே உட்காரும். அதற்கு மேலே கிரில்லை மறைத்து இரண்டு, நான்கு பெரிய வட்ட விளக்குகள், அல்லது ஒரு நீள எல்இடி பட்டை. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். கிளாடியேட்டருக்காகப் பொறியாளர்கள் பிளவுகளை மில்லிமீட்டர் கணக்கில் அகலப்படுத்தினார்கள். நாம் ஒரே மதியத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மறைத்துவிடுகிறோம். இழுவைக்குப் போகும் நாளில் விளக்குகளைக் கழற்றி வைத்தாலே போதும், பல வண்டிகளில் முள் இறங்கிவிடும்.

அடியில் முழு நீளத்துக்கு ஸ்கிட் பிளேட். பாறையிலிருந்து ஆயில் சம்ப்பைக் காப்பாற்றும், உண்மை. ஆனால் முன்னால் நுழைந்த காற்று எங்கேயாவது வெளியேற வேண்டும். பெரும்பாலும் அது கீழ் வழியாகத்தான் போகிறது. அந்த வழியைத் தகடு போட்டு மூடினால், ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் தேங்கி, முன்னால் காற்று நுழையவே தயங்கும். ஓட்டை வைத்த பிளேட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். இதற்கு மாற்றாக பானெட்டின் பின் ஓரத்தில் வாஷர் கொடுத்துத் தூக்கிவிடும் ஒரு வைத்தியம் உலவுகிறது. நின்றுகொண்டிருக்கும்போது சூடு மேலே போக அது உதவும். ஓடும்போது முன் கண்ணாடிக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம்; அந்தப் பிளவு வழியாகக் காற்று உள்ளே நுழையும், வெளியே வராது. செய்ய நினைத்ததற்கு நேர் எதிர். பானெட் நடுவில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வைக்கும் திறப்புதான் வேலை செய்யும், ஏனென்றால் அங்கே அழுத்தம் குறைவு.

பெரிய டயர். 29 அங்குலத்திலிருந்து 33-க்குப் போனால் விட்டம் 14 சதவீதம் கூடுகிறது. ஆக்சிலில் 4.10 கியர் விகிதம் இருந்த வண்டி, 3.6 போட்டது போல நடந்துகொள்ளும். எஞ்சின் குறைந்த சுற்றில் திணறும், ஆட்டோமேட்டிக் கியர் மேலும் கீழும் தாவும். வேகமானியும் குறைத்துக் காட்டும்: 64 என்று முள் சொன்னால் நிஜத்தில் 73. நீங்கள் நினைப்பதைவிட அதிக வேகத்தில், தவறான கியரில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதையெல்லாம் விட அதிகமாக நான் சந்தேகப்படுவது சேற்றை. ஏசி உள்ள வண்டியில் முன்னால் ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர், அதற்குப் பின்னால் ஒரு விரல் இடைவெளியில் ரேடியேட்டர். டர்போ டீசலாக இருந்தால், டர்போ அமுக்கிய காற்றை ஆற்றும் இன்டர்கூலரும் சேர்ந்துகொள்ளும். ஆற்றைக் கடக்கும்போது தெறிக்கும் செம்மண் சேறு, புல் விதை, பூச்சி இறகு எல்லாம் கண்டென்சரின் தகடுகளுக்கு நடுவே புகுந்து, பின்னால் இருக்கும் ரேடியேட்டரின் முகத்தில் அப்பிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளபளவென்று இருக்கும். வாட்டர் வாஷ் கடையில் முன்னாலிருந்து அழுத்தமாகத் தண்ணீர் அடித்தால், குப்பை இன்னும் உள்ளே போகும், மெல்லிய தகடுகளும் மடங்கும். செய்ய வேண்டியது: மேல் பிராக்கெட்டைக் கழற்றி, கண்டென்சரை ஒரு அங்குலம் முன்னால் சாய்த்து, இடைவெளிக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிறகு சாதாரணத் தோட்டக் குழாயில், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, தண்ணீர் தெளிவாக வரும் வரை ஊற்ற வேண்டும். பாதி மணி நேர வேலை. புது அலுமினிய ரேடியேட்டர் வாங்கப் பணம் சேர்ப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

அடுத்தது ஃபேன். பல பழைய ஜீப், லேண்ட் குரூஸர் வகைகளில் எஞ்சினோடு சுற்றும் ஃபேன் இருக்கிறது, நடுவில் ஒரு விஸ்கஸ் கிளட்ச்சோடு. கிளட்ச் முகத்தில் சுருள் வடிவத்தில் ஒரு இருஉலோகப் பட்டை தெரியும். ரேடியேட்டரிலிருந்து சூடான காற்று அதன் மேல் பட்டால் அது முறுகி, உள்ளே ஒரு சின்ன வால்வைத் திறக்கும். சிலிகான் எண்ணெய் தகடுகளுக்கு நடுவே பாய்ந்து ஃபேனைப் பிடித்துக்கொள்ளும். அப்போது லாரி பக்கத்தில் வந்தது போல ஒரு உறுமல் கேட்கும். ஏற்றத்தில் அந்த உறுமலைக் கேட்டால் பயப்பட வேண்டாம், கேட்காவிட்டால்தான் பயப்பட வேண்டும். எஞ்சினை அணைத்து ஆறவிட்டு ஃபேனைக் கையால் ஒரு சுண்டு சுண்டிப் பாருங்கள். கொஞ்சம் இழுத்துப் பிடித்து நின்றால் நல்லது. தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினால் எண்ணெய் போய்விட்டது. கிளட்ச்சின் நடுவிலிருந்து வெளிநோக்கிக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் கோடு போட்டிருந்தாலும் அதே அர்த்தம்தான். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கூடு இல்லாத ஃபேன், ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் இருந்த இடத்திலேயே கடைந்துகொண்டிருக்கும்.

மெக்கானிக்கல் ஃபேனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடும் மோகம் பற்றி என் கருத்து: சுமை இழுக்காத வண்டிக்குச் சரி, மைலேஜ் கொஞ்சம் கூடும். சுமை இழுக்கும் வண்டிக்கு வேண்டாம். கடையில் கிடைக்கும் எலக்ட்ரிக் ஃபேன் சில நூறு வாட்டில் ஓடுவது. கிளட்ச் பிடித்த பெரிய ஃபேன் முழுச் சுற்றில் எஞ்சினிடமிருந்து பல கிலோவாட் வாங்கிக்கொள்ளும். வாங்குவது குறை மாதிரித் தெரியும். அந்தச் சக்திதான் காற்றை இழுக்கிறது.

ஆட்டோமேட்டிக் வண்டிகளில் எஞ்சின் சூட்டுக்குக் கியர்பாக்ஸும் ஒரு பங்கு பொறுப்பு. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கும்போது, 72 கிலோவாட்டில் 10 சதவீதம் போனால்கூட 7 கிலோவாட் எண்ணெயில் சூடாக இறங்கும். அந்த எண்ணெய் எங்கே ஆறுகிறது? பெரும்பாலான வண்டிகளில் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே ஒரு குழாயில். ஆக, கியர்பாக்ஸின் சூட்டையும் அதே கூலன்ட்தான் சுமக்கிறது. கியரைக் குறைத்து, கன்வர்ட்டர் பூட்டிய நிலையில் ஏறினால் இந்த 7 கிலோவாட்டில் பெரும்பகுதி மறைந்துவிடும். எஞ்சின் சத்தம் கூடும், 3,500 சுற்றில் கத்தும். கத்தட்டும். கூலன்ட்டைச் சுற்றவிடும் பம்பான வாட்டர் பாடியும் ஃபேனும் எஞ்சினோடுதான் சுற்றுகின்றன. சுற்று கூடினால் கூலன்ட் ஓட்டமும் காற்றும் கூடும். பெரிய கியரில் திணறவிட்டால் இரண்டும் குறைந்து, பெட்ரோல் எஞ்சினில் ‘டக் டக்’ என்று நாக்கிங்கும் சேர்ந்துகொள்ளும்.

கியர் ஆயிலுக்குத் தனிக் கூலர் வைப்பது நான் முதலில் காசு செலவழிக்கும் இடம். அதையும் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் நடுவில் ஒட்டிவிடாமல், ஓரமாக, முடிந்தால் தனி ஃபேனோடு வைக்க வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. ரேடியேட்டருக்குள் இருக்கும் அந்தக் குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்து இளஞ்சிவப்பு நுரையாகிவிடும். கியர்பாக்ஸ் அதற்கு மேல் தாங்காது. தனிக் கூலரை மட்டும் நம்பி உள் குழாயைத் துண்டித்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. குளிர் நாடுகளில் மட்டும் ஆயில் சூடேற நேரமாகும் என்று அதை வைத்திருப்பார்கள்.

கூலன்ட், மூடி, தெர்மோஸ்டாட் பற்றிச் சுருக்கமாக. தண்ணீருக்கும் கூலன்ட்டுக்கும் பாதிக்குப் பாதி. போர் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள் படிந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காவிட்டால், 129-இல் கொதிக்க வேண்டியது 107 பக்கத்திலேயே கொதிக்கும். இருக்கிற பாகங்களிலேயே மலிவானது இதுதான், மாற்றத் தயங்குவதும் இதைத்தான். ‘தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடு, சூடே ஆகாது’ என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் யோசனை. தெர்மோஸ்டாட் என்பது கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு. ஏற்றத்தில் அது ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருக்கும்; குறைந்த டிகிரியில் திறக்கும் ஒன்றைப் போட்டாலும் முழுச் சுமையில் அது கூடுதலாக எதையும் தள்ளாது. கழற்றினாலோ, பல எஞ்சின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் அதே வால்வுதான் என்பதால், சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றி வரும்.

இனி ஸ்டியரிங் பிடித்திருப்பவர் கையில் இருப்பது. முதலில் வேகம். அதே 5 டன், அதே ஏற்றம், 64-க்குப் பதில் 50 கிலோமீட்டரில் ஏறினால் சக்கரத்தில் தேவை 60-லிருந்து 45 கிலோவாட்டாக இறங்குகிறது. கால்வாசி குறைவு; கூலன்ட்டுக்குப் போகும் சூடும் அதே விகிதத்தில் குறையும். எதிர்க்காற்று குறையும்தான், ஆனால் ஃபேன் இழுப்பது குறைவதில்லை. டேவிஸ் ஏற்றத்தில் இதற்கு விலை ஐந்து நிமிடத்துக்குள். உச்சியில் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட இல்லை. ஆனால் பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அதற்காகத்தான் பாதிப் பேர் வேகம் குறைக்க மாட்டார்கள். ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு இடது ஓரமாகப் போங்கள். அமெரிக்காவில் என்றால் வலது ஓரம்.

ஏசியை அணைத்தால் கம்ப்ரஸர் வாங்கும் சில கிலோவாட்டும் மிச்சம், கண்டென்சர் ரேடியேட்டரின் முகத்தில் ஊதும் சூடான காற்றும் நிற்கும். கலிஃபோர்னியாவின் பாலைவன மலைச் சாலைகளில், அடுத்த இத்தனை மைல் ஏசியை அணைத்துவிடுங்கள் என்று அரசே பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். ஹீட்டரை முழு வெப்பத்தில் திறந்து, ஜன்னலை இறக்குவது அடுத்த ஆயுதம். டாஷ்போர்டுக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். நான்கைந்து கிலோவாட் தள்ளும். பற்றாக்குறை பத்து என்றால் அதில் பாதி. உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள், குழந்தைகள் இருந்தால் இதைவிட நிறுத்துவதே மேல்.

முள்ளை நம்பலாமா? பல புது வண்டிகளில் 80-லிருந்து 105 டிகிரி வரை முள் நடுவிலேயே நிற்கும்படி கம்பெனியே வைத்திருக்கிறது, ஓட்டுபவர் சும்மா பதறக்கூடாது என்று. முள் நகர ஆரம்பிக்கும்போது நிஜச் சூடு ஏற்கெனவே எல்லைப் பக்கம் வந்திருக்கும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் கருவி ஒன்றை வாங்கி, ஃபோனில் எண்ணாகவே பாருங்கள். கூலன்ட் எவ்வளவு என்பதைவிட, நிமிடத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். 108-இல் நின்று ஆடாமல் இருந்தால் கவலை இல்லை. 100-லிருந்து நிமிடத்துக்கு ஐந்து டிகிரி ஏறிக்கொண்டிருந்தால், அந்த நிமிடமே ஓரங்கட்ட இடம் பார்க்க வேண்டும். கியர் ஆயிலின் எண்ணும் தெரிந்தால் இன்னும் நல்லது. 120-ஐத் தாண்டினால் அதற்கும் ஓய்வு தேவை.

ஓரங்கட்டியதும் எஞ்சினை அணைக்காதீர்கள். நியூட்ரலில் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து 1,500 சுற்றுக்குப் பக்கத்தில் வைத்தால், சூடு உற்பத்தி சுருங்கி, ஃபேனும் வாட்டர் பாடியும் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் எண் இறங்குவது தெரியும். அணைத்தால் கூலன்ட் அப்படியே நின்று, ஹெட்டின் சூடு முழுதும் அதில் இறங்கி, கொதிக்காதது கொதிக்கும். நீராவி வெளியே வந்தாலோ, ஹோஸ் பிய்ந்து கூலன்ட் கொட்டினாலோ மட்டும் உடனே அணைக்க வேண்டும். சுற்றுவதற்குக் கூலன்ட் இல்லாத எஞ்சினை ஓட்டுவதில் பயனில்லை. மூடியைத் தொடாதீர்கள். துணி போட்டுத் திறக்கலாம் என்பவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் முகம் வெந்துபோகிறது. மேல் ஹோஸைக் கையால் அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும், கை தாங்கும் சூட்டில் இருக்க வேண்டும். அதற்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அப்புறம்தான் மூடி. பச்சைத் தண்ணீரை மடமடவென்று கொட்டாமல், எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சூடான ஹெட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

மறுபடி கிளம்பும் முன் ஒரு பார்வை பாருங்கள். ஊற்றிய தண்ணீர் வெளியே எங்கும் ஒழுகாமலேயே குறைகிறதா, எஞ்சின் ஓடும்போது கூலன்ட் பாட்டிலில் விடாமல் குமிழி வருகிறதா, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகையா? மூன்றில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ட்ரெய்லரை அங்கேயே கழற்றி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, இழுத்துப்போக வேறு வண்டிக்கு ஃபோன் போடுங்கள்.